நீர்க்கரையா, நெடுஞ்சாலையா?

வன்னிக்கு வருபவர் எங்கே தங்குவது உசிதம்?

கோடை விடுமுறையை முன்னிட்டு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பிறந்த மண்ணைப் பார்க்கப் புறப்படுகிற குடும்பங்களில், விமானச் சீட்டு கைக்கு வந்த மறுகணமே ஆரம்பமாகிற விவாதம் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கே தங்குவது என்பதைப் பற்றி அவ்வளவு சர்ச்சை எழுவதில்லை. வன்னிக்கு இரண்டு நாள் ஒதுக்குவது என்று தீர்மானமானதும்தான் சிக்கல் தொடங்குகிறது. கைத்தொலைபேசியின் திரையில் ஒரு படம்: பனைகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு, அதன்மேல் அந்திச் சூரியன், முன்னால் இரண்டு சாய்வு நாற்காலிகள். விரலால் தள்ளினால் அடுத்த படம்: ஏ9 வீதியோரத்தில் மூன்று மாடிக் கட்டடம், கீழே மருந்துக்கடையும் நகை அடகு பிடிக்கும் இடமும், மேலே விடுதி. பிள்ளைகள் முதற்படத்தை விட்டு நகர மாட்டார்கள். முழங்கால் நோயும் காணி உறுதிப் பத்திரமும் கொண்டு வருகிற அம்மம்மாவோ, கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிட்டவாக ஓர் அறை கிடைத்தாற் போதும் என்பார்.

இதை வயதின் வித்தியாசம் என்றோ ரசனையின் வித்தியாசம் என்றோ சொல்லி ஒதுக்கிவிட முடியாது. வன்னிப் பெருநிலப்பரப்பின் அமைப்பே இந்த விவாதத்தை உண்டாக்குகிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அந்த நெடுஞ்சாலையில் மாங்குளத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போனாலும் அதற்குக் குறையாது. கடைத்தெருவும் வங்கியும் செயலகமும் பாதையை ஒட்டியே வளர்ந்திருக்க, குளங்களும் நீரேரிகளும் கடற்கரையும் பாதையை விட்டு உள்ளொதுங்கிக் கிடக்கின்றன. ஆகவே இங்கே அழகை விரும்புகிறவர் தூரத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்க வேண்டியவராகிறார். அந்தத் தூரத்தின் உண்மையான விலையோ பொழுது பட்ட பிறகுதான் தெரியவரும்.

பாதையோரத்துச் சரித்திரம்

வன்னியில் பிரயாணியின் தங்குமிடம் நெடுங்காலமாகவே பாதையைச் சார்ந்ததாக இருந்து வந்திருக்கிறது. 1905ஆம் ஆண்டு ஜனவரியில், இலங்கைச் சிவில் சேவையில் புதிதாகச் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் பதவியேற்கப் புறப்பட்ட லெனாட் வூல்ப், கொழும்பிலிருந்து வந்த புகையிரதம் அநுராதபுரத்தோடு நின்றுவிட்டமையால், அங்கிருந்து ஆனையிறவு வரையில் காட்டை ஊடறுத்து மாடுகள் இழுத்த தபால் வண்டியிலேயே செல்ல நேர்ந்தது. ஒரு நாயையும் வொல்ட்டேயரின் நூல்கள் 90 தொகுதிகளையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்த அந்த இளைஞருக்கு வன்னி என்பது இரவெல்லாம் குலுங்கிக் கடக்க வேண்டிய ஓர் ஆரணியமாகவே இருந்தது. அங்கே தங்குவது என்ற எண்ணமே எழுவதற்கு இடமில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் புகையிரதப் பாதை முழுமையாக இணைந்துவிட்டது. வூல்பின் கேம்பிரிட்ஜ் நண்பரான ஈ. எம். போஸ்டர் 1908இல் எழுதி வெளியிட்ட நாவலொன்று, புளோரன்ஸ் நகரத்து விடுதியில் ஆற்றை நோக்கிய அறை தருவதாகச் சொல்லிவிட்டு முற்றத்தை நோக்கிய அறையைக் கொடுத்துவிட்டார்களே என்று இரண்டு ஆங்கிலப் பெண்கள் மனத்தாங்கல் கொள்வதோடு தொடங்குகிறது. ஜன்னலின் காட்சிக்காகச் சண்டையிடுகிற சௌபாக்கியம், படுக்க இடமும் பயமில்லாத இரவும் நிச்சயமாகிவிட்ட பிறகே மனிதருக்கு வாய்க்கிறது என்பதை அந்த இரண்டு நண்பர்களின் அனுபவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் எளிதில் உணரலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் நெடுஞ்சாலைகளில் இடைவெளி விட்டு அமைக்கப்பட்ட வாடிவீடுகள், பிரயாணிகளின் பொழுதுபோக்கை உத்தேசித்துக் கட்டப்பட்டவை அல்ல. கடமைமேல் செல்லும் அரசாங்க உத்தியோகத்தருக்கே அங்கு முதலுரிமை இருந்தது. ஆயினும் அவற்றுட் சில தற்செயலாக ரம்மியமான இடங்களில் அமைந்துவிட்டன. வன்னியின் வடக்கு வாசலாகிய ஆனையிறவில் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையொன்றே வாடிவீடாக மாற்றப்பட்டிருந்தது. பாதைக்கு அருகிலேயே இருந்துகொண்டு, உப்புக்காற்றை முகர்ந்தபடி கடலேரியையும் பார்த்திருக்கக்கூடிய அத்தகைய இடம் வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று. வசதியும் வனப்பும் ஒருங்கே கூடியிருந்த அந்த இடம், பாதையையும் நீரையும் ஒருசேரக் கண்காணிக்கக்கூடியதாக இருந்த காரணத்தாலேயே பிற்காலத்தில் இராணுவ முகாமின் ஓர் அங்கமாகி, 1991ஆம் ஆண்டுச் சமரில் போர்க்களமுமாயிற்று.

நகரத்தின் நியாயம்

கிளிநொச்சி நகரம் பழைமையானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஜனநெருக்கத்தைத் தணிக்கும் பொருட்டு 1936இல் தொடங்கப்பட்ட குடியேற்றத் திட்டத்தின் வழியாக உருவானது அது; தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1984இல். போரில் நிலைகுலைந்து, 2009க்குப் பிறகு மறுபடியும் எழும்பிய அந்நகரத்துக்கு 2013 செப்டெம்பரில் புகையிரதம் திரும்பி வந்தது. மறு ஆண்டு ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் வரையில் ஓடத் தொடங்கிற்று. அன்று முதல் ஏ9 வீதியின் இருமருங்கிலும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருக்கின்றன.

இந்த விடுதிகளில் தங்குகிறவர்கள் யார் என்று கவனித்தால் அவற்றின் நியாயம் புலப்படும். அறிவியல்நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்குப் பிள்ளையைச் சேர்க்க மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த பெற்றோர், காணி வழக்குக்காக வந்த சட்டத்தரணி, வங்கிக் கணக்காய்வாளர், மருந்துக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி, நெல் வாங்க வந்த வியாபாரி. இவர்களில் எவருக்கும் அந்திச் சூரியனைப் பார்க்க அவகாசமில்லை. விடியுமுன் வந்து சேரும் இரவுப் புகையிரதத்திலிருந்து இறங்கினால் கதவு திறக்க ஆளிருக்க வேண்டும். குளிக்கத் தண்ணீர் வர வேண்டும். காலையில் கீழே இறங்கினால் இடியப்பமும் சொதியும் சம்பலும் சூடாகக் கிடைக்க வேண்டும். இவ்வளவும் நகரத்து விடுதியில் கிடைத்துவிடுகின்றன.

குறைகளும் உண்டு. இரவு முழுவதும் லொறிகள் ஓயா. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே ஓடும் சொகுசு பஸ்கள் நடுநிசியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறக்கும். திருவிழாக் காலமாயின் கோவில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே எழுப்பிவிடும். வீதியைப் பார்த்த அறையைக் காட்டிலும் பின்புறத்து அறையே நல்லது என்பதை அனுபவசாலிகள் கேட்காமலே சொல்வார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். ஆனால் அந்த அறையில் நித்திரை வரும்.

வவுனியாவின் கதை வேறொரு விதமானது. 1990களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் நகருக்குள் தங்குவதற்கும் தெற்கே போவதற்கும் பாஸ் பெற்றுக்கொண்டாக வேண்டுமென்ற நிலையிருந்தபோது, எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடக்கும் இடமாக அந்நகரம் மாறியிருந்தது. அந்த நாட்களில் அங்கே லொட்ஜில் அறையெடுத்துக் காத்திருந்த குடும்பங்களுக்கு, நகர மத்தியில் இருப்பது சௌகரியத்தின் பாற்பட்ட விஷயமாக இருக்கவில்லை. வரிசையில் முந்தி நிற்பதற்கான நிர்ப்பந்தமாகவே இருந்தது. இன்று அதே நகரம் மன்னாருக்கும் திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பாதைகள் பிரிகிற சந்தியாகவும், 2021 ஆகஸ்ட் முதல் தனக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்ட ஊராகவும் விளங்குகிறது. மூன்று திசைகளுக்கும் போய்த் திரும்ப வேண்டியவருக்கு வவுனியா நகரத்தை விட்டு வேறிடம் தேடுவது வீண் சிரமம்.

நீரின் பஞ்சாங்கம்

நீர்க்கரையின் நியாயத்துக்கு வருவோம். 1885இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் திட்டம் வகுக்க, 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிவுற்ற இரணைமடுக்குளம், வட மாகாணத்துக் குளங்கள் யாவற்றிலும் பெரியது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அதன் நெடிய கட்டின்மீது அதிகாலையில் நின்றவர், எதிர்க்கரை காட்டின் மங்கலான கோட்டையும், நீரின்மேல் தாழப் பறக்கும் நீர்க்காகங்களையும், கனகாம்பிகை அம்மன் கோவில் மணியோசையையும் எளிதில் மறப்பதில்லை.

ஆனால் படத்தைப் பார்த்து அறை பதிவு செய்கிறவர் அறியாத விஷயம் ஒன்றிருக்கிறது. வன்னியின் நீர்க்காட்சி விவசாயியின் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழிந்து குளம் நிரம்பி, வான் பாய்வதைப் பார்க்கச் சனம் திரண்டு போகும். தை, மாசியில் காலபோக அறுவடை நடக்கும்போது குளம் ததும்பி நிற்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவாகித் துருசு திறந்த பின் நீர் நாளுக்கு நாள் இறங்கும். கச்சான் காற்று அனலை வாரி வீசுகிற ஆடி, ஆவணி மாதங்களிலோ அலைகரை வறண்டு வெடித்து, நீர் நின்ற இடத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். தை மாதத்தில் எடுத்த படத்தை நம்பி ஆவணி மாதத்தில் வருகிறவர், சாய்வு நாற்காலியில் அமர்ந்து காய்ந்த சேற்றையே பார்க்க நேரும். புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு விடுமுறை கிடைப்பதோ பெரும்பாலும் அந்த மாதங்களிலேதான். மாரியில் வந்தாலோ வேறொரு ஆபத்து: 2018 டிசம்பர் மாதப் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து விலகிய விடுதியில், அங்கே சமைத்ததைத்தான் உண்ண வேண்டும். சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டால் பிஸ்கற்றே கதி. நுளம்பு வலை கிழியாமல் இருக்கிறதா என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பிந்திப் புறப்பட்டால் பஸ் இராது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு ஓட்டோ பிடிக்க முயன்றால், “ஐயா, இந்த நேரத்தில ஒட்டுசுட்டான் பக்கம் வரமாட்டன், ஆனை நிக்கும், விடியட்டும், கூட்டிக்கொண்டு போறன்” என்று சாரதி தயக்கமில்லாமற் சொல்லிவிடுவார். அவர் வாடகையை உயர்த்துவதற்காகச் சொல்கிறார் என்று எண்ணுகிறவர், வன்னியின் கிராமங்களில் யானை மிதித்த பயிரையும் உடைத்த வீட்டையும் கண்டிராதவரே.

காட்சி யாருடையது?

இலங்கையில் குளக்கரை விடுதி என்றதும் எவருக்கும் ஞாபகம் வருவது, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டல். சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டும்படி கேட்டவர்களிடம், அந்தக் குன்றைத் தொலைவில் வைத்துப் பார்க்கக்கூடிய கண்டலமக் குளத்தின் மறுகரையே பொருத்தமானது என்று வாதித்து இடத்தை மாற்றியவர் பாவா. வசதியான இடத்தை விட்டு விலகிப்போய் வனப்பைத் தேடியதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் இந்த நாட்டில் இல்லை. ஆயினும் அது கட்டப்பட்ட காலத்தில், குளத்து நீர் மாசுபடும் என்று அஞ்சிய கிராமவாசிகளும் பிக்குகளும் சூழலியலாளரும் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். உழவரின் நீரை விருந்தினரின் காட்சியாக மாற்றுவதற்கு முன் உழவரைக் கேட்டாக வேண்டும் என்பதே அந்தக் கிளர்ச்சியின் சாரம்.

வன்னியில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. 2009 மே மாதத்தில் போர் முடிவடைந்த முள்ளிவாய்க்கால் மணற்பரப்பு, நந்திக்கடல் நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய நாடாப்போல் கிடக்கிறது. போரின் இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறியது. அதற்கு மறு ஆண்டு, 2012இல், அந்த நந்திக்கடலின் கரையில் ‘லகூன்ஸ் எட்ஜ்’ என்ற பெயரில் இராணுவத்தினர் நடத்தும் விடுதியொன்று திறக்கப்பட்டது. பறவைகளுக்குப் பேர்போன சுண்டிக்குளத்திலும் இராணுவம் ஒரு விடுதியை நடத்தியது. தெற்கிலிருந்து வந்த உல்லாசப் பிரயாணிக்கு நந்திக்கடல் அமைதியான நீர்ப்பரப்பு. அந்த நீரை இடுப்பளவு ஆழத்தில் கடந்து வந்தவருக்கும், கடக்கும்போது கையைத் தவறவிட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவருக்கும், அதே ஜன்னலிலிருந்து தெரிவது வேறு. ஒவ்வோர் ஆண்டும் மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் விளக்கேற்ற வருகிற குடும்பங்கள் அந்தக் கரையில் அறை தேடுவதில்லை. புதுக்குடியிருப்பிலோ முள்ளியவளையிலோ உறவினர் வீட்டில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வருகிறார்கள்.

முல்லைத்தீவு நகரத்தில் நகர மத்தியும் கடற்கரையும் ஒன்றுக்கொன்று நடைதூரமே. வனப்பா வசதியா என்ற கேள்வி அங்கே எழ நியாயமில்லை என்று தோன்றும். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தக் கரையை வாரிக்கொண்டு போனதைக் கண்ட தலைமுறை இன்னும் அங்கேதான் வாழ்கிறது. கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று ஆசைப்படுகிற விருந்தினரும், கடலுக்கு முதுகைக் காட்டி வீட்டைக் கட்டிக்கொண்ட ஊராரும் ஒரே தெருவில் சந்திக்கிற இடம் அது.

சித்தி வீட்டு விறாந்தை

இரண்டு விடுதிகளுக்கிடையே தடுமாறுகிறவர், மூன்றாவதாக ஓர் இடம் தமக்காகக் காத்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வன்னியில் உறவினர் இருக்க, ஒருவர் காசு கொடுத்து வெளியில் தங்குவது அந்த உறவினருக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதப்படும். “ஏன் தம்பி, எங்கட வீடு உங்களுக்குக் காணாதோ? பிள்ளையளுக்கு உள் அறையைத் துப்பரவாக்கி வைச்சிருக்கிறன், பாயும் தலாணியும் புதுசு, நீங்கள் போய் லொட்ஜில நிண்டால் சனம் என்னைத்தானே கேக்கும்” என்று சித்தி தொலைபேசியிலேயே குறைப்படுவார். பிள்ளைகளுக்குக் குளிரூட்டி வேண்டும் என்று காரணம் சொன்னால், அதுவும் வாங்கிப் பூட்டலாம் என்பார். இதற்கு மறுமொழி சொல்ல எவராலும் இயலாது. விவேகமுள்ளவர்கள் இரவில் விடுதியிலும், பகலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது சித்தி வீட்டு விறாந்தையிலும் இருப்பதாக உடன்பட்டு, இரண்டு பக்கத்தையும் சமாளித்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடும் விடுதி நகரத்தில் இருந்தாற்றான் நடக்கும். காட்டுக்கு அப்பால் நீரேரியோரத்தில் அறையெடுத்தவருக்குச் சித்தியின் மீன்குழம்பு கனவில்தான்.

வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலன்று இந்தக் கணக்குகள் யாவும் தலைகீழாகிவிடும். கடல்நீரில் விளக்கெரிக்கும் அந்த ஆலயத்துக்குப் பெருந்திரளாய் வந்து குவிகிற ஜனங்களுக்கு எந்த விடுதியும் போதாது. நந்திக்கடலை அடுத்த கோவில் வீதி மணலில் பாயை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். தண்ணீர்ப்பந்தலும் மருத்துவ முகாமும் கடைத்தெருவும் அவர்களைச் சுற்றி ஓரிரவுக்குள் முளைத்துவிடும். காட்சியும் மத்தியும் அன்றைக்கு ஒரே இடத்தில், வாடகையில்லாமலே கிடைக்கின்றன.

நமது அபிப்பிராயம்

அலுவலாக வருகிறவர், முதியவரோடு வருகிறவர், பஸ்ஸையும் புகையிரதத்தையும் நம்பி வருகிறவர் ஆகிய மூவரும் மறுயோசனையின்றி நகரத்திலேயே தங்கட்டும். சொந்த வாகனமும் இரண்டு இரவுகளும் உடையவர், மார்கழி கழிந்து பங்குனி வரையிலான காலத்தில் வருவாரானால், ஓரிரவை நீர்க்கரையில் கழிக்கலாம். அந்த விடுதியை நடத்துவது யார், அந்த இடத்தில் முன்பு இருந்தது என்ன என்ற இரண்டு கேள்விகளையும் முன்பணம் அனுப்புமுன் கேட்டுக்கொள்வது நல்லது. பறவைகளைப் பார்ப்பதே நோக்கமாக, 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்குப் போகிறவருக்கு மட்டும் நகரத்து அறை உதவாது. பறவைகள் விடிந்து நெடுநேரம் காத்திரா.

மற்றையோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: வன்னியில் காட்சி இன்னும் எந்த விடுதியின் மதிலுக்குள்ளும் முழுவதாக அடைபட்டுவிடவில்லை. இரணைமடுக் கட்டு நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். கிளிநொச்சிக் குளமும் வவுனியாக் குளமும் நகரங்களுக்குள்ளேயே இருக்கின்றன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வறுத்த கச்சானைக் கொறித்துக்கொண்டு மரநிழலில் நிற்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு எழும்பச் சம்மதிக்கிற எவரும் சூரியோதயத்தைக் குளக்கட்டில் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பிவிடலாம். ஆனால் நகரத்து விடுதி தருகிற மனிதர்கள், அதாவது போருக்குப் பின் திரும்பி வந்து கடன்பட்டுக் கட்டடம் எழுப்பிய முதலாளியும், பிள்ளையின் படிப்புக்காக வந்து பக்கத்து அறையில் இருக்கிற தகப்பனும், இடியப்பம் பரிமாறிக்கொண்டே தன் ஊரின் இடப்பெயர்வுக் கதையைச் சொல்கிற அக்காவும், நீர்க்கரைச் சாய்வு நாற்காலிக்கு நடந்து வரமாட்டார்கள். நீரைத் தேடி நாம் போகலாம். மனிதரைத் தேடுவதற்கு அவர்கள் நடுவிலேயே தங்க வேண்டும்.